வீசமும் அரைக்காலும்: மோலமைன் சாலையில் ஒரு சைக்கிள் சங்கிலி

பட்டறை மாமா சைக்கிளைச் சுவரில் சாய்த்து, பெடலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துச் சங்கிலியின் மேல்வரிசையை விறைப்பாக்கினார். மற்றொரு கையால் 12 அங்குல இரும்பு அடிக்கோலை அதன்மேல் ஒட்டிப் பிடித்து, கோலின் தொடக்கத்தை ஓர் ஆணியின் நடுவில் பொருத்தினார். சங்கிலியில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகளைக் கடந்தால், 12 அங்குலக் கோடு மறுபடியும் ஓர் ஆணியின் நடுவிலேயே விழ வேண்டும். என் சங்கிலியில் அந்த ஆணி முழுவதும் கோட்டைத் தாண்டி வெளியே நின்றது.

“வீசம் போச்சுன்னா செயின மட்டும் மாத்தினாப் போதும் தம்பி. இது அரைக்கால் போயிருச்சு. பின்னாடி பல்லையும் சேத்துத்தான் மாத்தணும்,” என்றார்.

வீசம் என்பது பதினாறில் ஒன்று, அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. பாட்டனார் காலத்து வாய்பாட்டோடு போய்விட்டதாக நான் எண்ணியிருந்த அந்தச் சொற்கள், பர்மாவின் மோலமைன் நகரில், பஜாருக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், கருத்த விரல்களுக்கு நடுவே இன்னும் உயிரோடு இருப்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. அந்தச் சங்கிலியை நவம்பரில்தான் புதிதாகப் போட்டிருந்தேன். ஏப்ரல் இன்னும் பிறக்கவில்லை. முடோன் சாலையில் உள்ள ஒரு ரப்பர் ஷீட் கிடங்கில் எனக்குக் கணக்கெழுதும் வேலை. வீட்டிலிருந்து 11 கிலோமீட்டர், போய்வர 22, வாரத்தில் ஆறு நாள். கூட்டிப் பார்த்தால் மூவாயிரம் கிலோமீட்டரைக்கூடத் தொடாத சங்கிலி அது.

“என்ன எண்ணெய் போட்டீங்க?” என்று கேட்டார். எண்ணெய் போடவில்லை, நல்ல கெட்டி கிரீஸாகப் பூசினேன், ஒரு முறை பூசினால் மாதக்கணக்கில் நிற்கிறது என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அவர் சங்கிலியிலிருந்து கொஞ்சம் கரும்பசையைப் பெருவிரலால் வழித்தெடுத்து, என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். நறநறவென்றது. “இது எண்ணெய் இல்ல தம்பி, சாணை,” என்றார்.

அதன்பிறகு ஓராண்டு காலம் நான் செய்து பார்த்தவற்றையும், செய்து கெடுத்தவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எண்ணெய் சென்று சேர வேண்டிய இடம் எது என்பதை நான் விளங்கிக்கொள்ளவே இல்லை. கண்ணுக்குத் தெரிவது சங்கிலியின் வெளித்தகடுகள். ஆகவே அவை பளபளவென்று நனைந்திருந்தால் வேலை முடிந்தது என்று எண்ணியிருந்தேன். சங்கிலி பல்சக்கரத்தின் மேல் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு கண்ணியும் சிறிது மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கத்தில் ஆணியின் மேற்பரப்பும், அதைச் சுற்றியுள்ள உள்தகட்டின் கழுத்தும் ஒன்றோடொன்று உராய்கின்றன. அதற்கு வெளியே சின்னஞ்சிறு உருளை ஒன்று தனியாகச் சுழல்கிறது. எண்ணெய் வேண்டியது இந்த இரண்டு இடங்களில்தான். வெளித்தகட்டில், துருவைத் தடுக்கும் அளவுக்கு ஈரப்பூச்சாக இருந்தால் போதும். அதற்கு மிஞ்சியது எல்லாம் மண்ணைப் பிடித்து வைக்கும் பசை. சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்று நாம் சொல்வதும் தகடு இழுபட்டு நீள்வதைக் குறிப்பதன்று. நூற்றுக்கு மேற்பட்ட ஆணிகளும் அவற்றின் துளைகளும் ஒவ்வொன்றும் மயிரிழை மயிரிழையாகத் தேய்ந்து, அவற்றில் கோலின் நீளத்துக்குள் வரும் 24 கண்ணிகளின் தேய்மானம் கூடி அடிக்கோலில் அரைக்காலாகத் தெரிகிறது.

கிரீஸ் அந்த இடுக்குகளுக்குள் இறங்கும் அளவுக்கு நீர்த்ததன்று. வெளியே நின்றுகொண்டு, எங்கள் சாலையின் செம்மண் தூசியை நவம்பரிலிருந்து வாங்கி வாங்கிச் சேர்த்து வைத்தது. ஆயினும் கிரீஸைக் குறை சொல்லி ஒதுக்குவதற்கில்லை. என் மனைவியிடம் ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள் ஒன்று இருக்கிறது. அத்தகைய சைக்கிள்கள் பர்மா முழுவதும் ஓடுகின்றன. அதில் சங்கிலி முழுவதையும் மூடிய உறை உண்டு. தூசியும் மழையும் எட்டாத அந்த உறைக்குள், கெட்டியான கியர் ஆயிலை ஒரு முறை நன்றாக ஊற வைத்து, மேலே இலேசாகக் கிரீஸைத் தடவிவிட்டால், நீண்ட காலத்துக்கு அதை மறந்துவிடலாம். உறையில்லாத, பின்னால் ஏழு பல்சக்கரம் கொண்ட என் வண்டிக்கு அதையே செய்ததுதான் பிழை.

புதுச் சங்கிலியும் புதுப் பல்சக்கரமும் போட்ட கையோடு, வீட்டில் உள்ள எண்ணெய் வகைகள் அனைத்தையும் சோதித்துவிடுவது என்று கிளம்பினேன். தேங்காய் எண்ணெயில் தொடங்கியவர் என் தாயார். அவருடைய சைக்கிளுக்கு ஆண்டுக்கணக்காக அதைத்தான் விட்டு வந்திருக்கிறார். வாசனையும் நன்றாக இருக்கும். ஏப்ரல் வெயிலில் அது மிக நன்றாகவே ஓடியது. ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறைவது. எங்கள் ஊரில் ஜனவரி விடியலில் வெப்பம் 20 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. அவருடைய சங்கிலியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் இருந்ததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அதுவரை அதை விபூதி என்று நினைத்திருந்தேன். கடலை எண்ணெய் இதைவிட மோசம். காற்றுப்பட்டுப் பட்டுச் சில வாரங்களில் பிசினாகி, கண்ணிகள் மடங்க மறுக்கின்றன. வாணலியின் ஓரத்தில் கையால் சுரண்ட முடியாதபடி படிந்திருக்கும் மஞ்சள் கறையை அடுப்படியில் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சமையல் எண்ணெய்கள் சமையலுக்கே இருக்கட்டும்.

அடுத்தது, டபிள்யூடி-40 தெளிப்பான். கிடங்கில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். அடித்தவுடன் சங்கிலியின் கீச்சொலி நின்றது, அழுக்கு வழிந்தோடியது, எனக்கு மிகுந்த திருப்தி. மூன்றாம் நாள் கீச்சொலி திரும்பி வந்தது. இதில் குறை டப்பாவினுடையதன்று. அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே ‘நீரை வெளியேற்றுவது’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். 40 என்பது நாற்பதாவது முயற்சியில் கைகூடிய கலவை என்பதைக் குறிப்பது. நீரை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக 1953-இல் உருவான பொருள் அது. அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். இன்றும் மழையில் நனைந்து வந்த சங்கிலிக்கு முதலில் அதை அடித்து, நீர் வெளியேறிய பிறகு துடைத்துவிட்டு, மேலே உரிய எண்ணெயை விடுகிறேன். அந்த இரண்டாவது வேலையை மறந்தால், உள்ளே இருந்த பழைய எண்ணெயையும் கழுவித் தள்ளியதுதான் மிச்சம்.

தையல் மெஷின் எண்ணெய் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நீர்த்திருப்பதால் இடுக்குகளுக்குள் நொடியில் இறங்குகிறது, தூசியை அதிகம் பிடிப்பதில்லை, பஜாரில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. குறைந்த தூரம் ஓட்டுபவர்களுக்கு, அதிலும் பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளைகளின் சைக்கிளுக்கு, இதைவிட வேறொன்று வேண்டியதில்லை என்றே சொல்வேன். எனக்கு அது ஒரு வாரம் நின்றது; ஜூன் மாதம் மழை பிடித்தபிறகு ஒரு நாள்கூட நிற்கவில்லை.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு அளவு விளங்குவதற்காகச் சொல்கிறேன்: சென்னையில் ஓராண்டில் பெய்வதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இங்கே பெய்கிறது, அதாவது ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் அதிகம். அதுவும் பெரும்பகுதி மே பிற்பகுதியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஜூலையில் முடோன் சாலையில் சைக்கிளில் செல்வது என்பது மேலிருந்து நனைவது மட்டுமன்று. முன்சக்கரம் வாரியிறைக்கும் சேற்று நீர் நேராகச் சங்கிலியின் மீதுதான் விழுகிறது. முன் மட்கார்டின் அடியில், பழைய டயர் ட்யூபில் வெட்டிய ஒரு சாண் நீள ரப்பர்த் துண்டைத் தொங்கவிட்டது, நான் வாங்கிய எந்த எண்ணெயையும்விடச் சங்கிலிக்கு நன்மை செய்தது. இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

இந்த மழைக்கு ஒட்டும் தன்மையுள்ள கெட்டி எண்ணெய்தான் வேண்டும். தாய்லாந்து எல்லையில் மியாவாடி வழியாக வரும் சரக்குகளோடு சைக்கிள் எண்ணெய்க் குப்பிகளும் வருகின்றன. அவற்றில் ‘வெட்’ என்று எழுதியிருப்பது மழைக்காலத்துக்கானது, ‘டிரை’ என்று எழுதியிருப்பது கோடைக்கானது. குப்பியின் நிறத்தையும் விலையையும் பார்த்து வாங்கிவிட்டு, இந்த ஒற்றைச் சொல்லைப் பார்க்காமல் விடுபவர்கள் பலர். முதல் முறை நானும் ஜூலையில் ‘டிரை’ குப்பியோடுதான் வீடு வந்தேன். ‘வெட்’ குப்பி கிடைக்காத வாரங்களில், மரம் அறுக்கும் செயின்சா இயந்திரத்தின் சங்கிலிக்கு விடும் எண்ணெயைப் பயன்படுத்தினேன். வேகமாகச் சுழலும் சங்கிலியிலிருந்து சிதறாமல் ஒட்டிக்கொள்வதற்கென்றே அதில் பசைத்தன்மை சேர்க்கப்பட்டிருக்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் அது கிடைப்பது அரிதன்று. கொஞ்சம் கெட்டி என்பதால், வெயிலில் சிறிது நேரம் வைத்துச் சூடாக்கி விட வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் புது இன்ஜின் ஆயிலும் பரவாயில்லை. சற்றுச் சிதறும், லுங்கியின் ஓரத்தில் கறை படியும். ஆனால் இன்ஜினிலிருந்து வடித்த கறுத்த ஆயிலை, இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒருபோதும் விட வேண்டாம். இன்ஜினில் தேய்ந்த இரும்புப் பொடியும் கரியும் அதில் மிதக்கின்றன. மாமா சொன்ன சாணை ஆயத்த நிலையில் கிடைப்பதற்குச் சமம்.

கெட்டி எண்ணெய்க்கு ஒரு விலை உண்டு. அது மழையில் கழுவிப்போகாமல் நிற்பது போலவே, மண்ணையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே மழை மாதங்களில் வாரம் இரண்டு முறை துடைக்கவும், மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவவும் வேண்டியிருந்தது.

கழுவுவதற்கு எனக்கு மண்ணெண்ணெய் போதும். தேநீர்க் கடையில் வாங்கிய பெரிய டின்பால் டப்பாவில் சங்கிலியைச் சுருட்டிப் போட்டு, மூழ்கும் அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு குச்சியால் கிளறுவேன். முதல் தண்ணீர் காப்பி போல் கறுத்துவிடும். டப்பாவைச் சற்றே சாய்த்தால், அடியில் மணல் ஒரு பக்கமாக ஒதுங்கி, இடையிடையே இரும்புப் பொடி மின்னுவது தெரியும். இரண்டாவது தண்ணீர் தேநீர் நிறம். மூன்றாவதில் டப்பாவின் அடி தெரிந்தால் போதும். அழுக்கு மண்ணெண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றி இரண்டு நாள் அசையாமல் வைத்தால் வண்டல் கீழே தங்கிவிடும். மேலே தெளிந்ததை அடுத்த முறை முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம், சாக்கடையில் ஊற்ற வேண்டியதில்லை. கழுவிய சங்கிலியை வெயிலில் தொங்கவிட்டு முற்றிலும் உலர்த்திய பிறகே எண்ணெய் விட வேண்டும். உள்ளே மண்ணெண்ணெய் நின்றால் புது எண்ணெயை அது நீர்த்துப்போகச் செய்துவிடும். துருவைப் போக்க அமிலம் கலந்த திரவத்தில் சங்கிலியை ஊறப்போடுவது ஆபத்து. பார்ப்பதற்குப் புதிதுபோல் ஆகும். ஆனால் எஃகு நொறுங்கும் தன்மை அடைந்து, மிதிக்கும் வேகத்தில் அறுந்துபோகக்கூடும். சங்கிலி தயாரிப்பாளர்களே இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

எண்ணெய் விடும் முறையில்தான் என் பழக்கம் முழுவதும் மாறிற்று. முன்பெல்லாம் காலையில் கிளம்பும் அவசரத்தில், பெடலைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டே சங்கிலியின் மேல் ஒரு கோடாக ஊற்றிவிட்டுக் கிளம்புவேன். பாதி சக்கர விளிம்பில், மீதி காற்சட்டையில். இப்போது இரவில் விடுகிறேன். இணைப்புக் கண்ணியை அடையாளமாக வைத்து, கீழ்வரிசையின் உட்புறத்தில் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு. அடையாளக் கண்ணி சுற்றி வந்ததும் நிறுத்திவிடுவேன். பிறகு பெடலை நாற்பது ஐம்பது முறை பின்னோக்கிச் சுழற்றிவிட்டு, அப்படியே விட்டுவிடுகிறேன். இரவு முழுவதும் எண்ணெய் உள்ளே இறங்கும். காலையில் ஒரு பழைய துணியால் சங்கிலியை இறுகப் பிடித்து, விரலில் கறை ஒட்டாத அளவுக்குத் துடைத்துவிட்டுக் கிளம்புகிறேன். விட்ட எண்ணெயில் பாதியைத் துணிக்குக் கொடுப்பது முதலில் மனத்துக்கு ஒப்பவில்லை.

அக்டோபர் கடைசியில் மழை விலகியதும் மெழுகுக்கு மாறினேன். இதைச் சொன்னபோது மாமா சிரித்தார். பகோடாக்களைச் சுற்றியுள்ள கடைகளில் வெள்ளை மெழுகுவர்த்தி கட்டுக்கட்டாக விற்கும் ஊரில், மெழுகுக்குப் பஞ்சமில்லை. வண்ணமும் வாசனையும் சேராததாகப் பார்த்து வாங்கினால் போதும். பாரஃபின் மெழுகு 60 டிகிரிக்குள் உருகிவிடுகிறது. ஆனால் அதை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பற்றும். கொதிக்கும் நீருள்ள பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை வைத்துத்தான் உருக்க வேண்டும். சங்கிலியில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. புதுச் சங்கிலியானால் தொழிற்சாலையில் பூசி வரும் பசையையும் சேர்த்துப் போக்கிவிட வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவியபின் ஸ்பிரிட்டில் ஒரு முறை அலசினேன். உருகிய மெழுகில் சங்கிலியை இறக்கினால் கண்ணிகளின் இடுக்கிலிருந்து சிறு சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்பி வரும், மீன்கூடையை நீரில் முக்கியதுபோல. குமிழி நின்றால், உள்ளே இருந்த காற்று வெளியேறி மெழுகு நுழைந்துவிட்டது என்று பொருள். வெளியே எடுத்துத் தொங்கவிட்டு ஆறியதும், சங்கிலி ஒரு கம்பைப்போல விறைத்து நிற்கும். ஒவ்வொரு கண்ணியாக மடக்கி மடக்கி இளக்க வேண்டும்; மேலே படிந்த மெழுகு செதில் செதிலாக உதிரும்.

மெழுகு பூசிய சங்கிலியைக் கையால் தொட்டால் கறை படுவதில்லை. எனக்கு 250 கிலோமீட்டர் அளவுக்கு அது தாங்கியது, அதாவது இரண்டு வாரம். பிறகு உலர்ந்த ஓசை கேட்கத் தொடங்கும், அதுவே அடுத்த முறைக்கான அழைப்பு. அரைமணி நேரம் அடுப்படியை ஆக்கிரமிக்கும் இந்த வேலை எல்லோருக்கும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனைவியின் கருத்து இதைவிடக் கடுமையானது. பொறுமையில்லாதவர்கள் ‘டிரை’ குப்பியை வாங்கலாம். ஆவியாகும் திரவத்தில் கரைத்த மெழுகோ அதுபோன்ற பொருளோதான் அதிலும் பெரும்பாலும் இருக்கிறது. விட்டவுடன் கிளம்பாமல், சில மணி நேரம் உலர விட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

மெழுகின் எதிரி நீர். எங்கள் ஊரில் கோடையின் நடுவே, ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டின் நீர்த்திருவிழாவான திங்யான் வந்துவிடுகிறது. சாலையில் போகும் யாரையும் குழாயும் வாளியும் கொண்டு நனைக்காமல் விடமாட்டார்கள். மெழுகு பூசிய சங்கிலியோடு பஜாருக்குப் போய், தலைமுதல் கால்வரை நனைந்து, சிரித்துக்கொண்டே திரும்பி வந்து வண்டியை நிறுத்தினேன். மறுநாள் மாலைக்குள் சங்கிலி ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்தது. மெழுகு உருளைக்குள் நிற்கிறது. வெளித்தகட்டைத் துருவிலிருந்து காப்பதில் எண்ணெய் அளவுக்கு அது வல்லதன்று. கடற்கரையில் இன்னும் விரைவு. சாய்க்கமியில் கடலுக்குள் நிற்கும் பகோடாவுக்குப் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்புக்காற்று பட்டதற்கே கண்ணிகளின் விளிம்பு சிவந்துவிட்டது. அத்தகைய பயணம் முடிந்ததும் நல்ல நீரால் கழுவி, துடைத்து, அன்றைக்கே எண்ணெய் விடுவது தவிர வேறு வழியில்லை.

திங்யான் முடிந்த வாரம், துருவைத் தேய்த்துப் போக்கிவிட்டு, வண்டியை மாமாவிடம் கொண்டுபோனேன். ஓராண்டு முடிந்திருந்தது, ஏறத்தாழ 6,500 கிலோமீட்டர். அடிக்கோலை வைத்தார். 12 அங்குலக் கோடு ஆணியின் நடுவை விட்டு விலகி, அதன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. “வீசம்,” என்றார். சங்கிலியை மட்டும் மாற்றினார்; பல்சக்கரம் பிழைத்துக்கொண்டது. நான் மெழுகின் அருமையை விரிவாக எடுத்துச் சொல்லத் தொடங்கினேன்.

அவர் பதில் சொல்லாமல், பட்டறை வாசலில் நின்றிருந்த ஒரு சைக்காவின் (பக்கவாட்டில் இருக்கை பொருத்திய சைக்கிள் ரிக்‌ஷா) பக்கம் என்னை அழைத்துச் சென்று, அடிக்கோலை என்னிடமே கொடுத்தார். சைக்காவின் உரிமையாளர் மோன் இனத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். பஜாருக்கும் படித்துறைக்கும் இடையே ஆளும் மூட்டையும் ஏற்றி ஓட்டுபவர். அந்தச் சங்கிலிக்கு அது மூன்றாவது ஆண்டு என்றார். அளந்து பார்த்தேன்; கோடு இன்னும் ஆணியின் ஓரத்துக்கு வரவில்லை. என்ன எண்ணெய் விடுகிறீர்கள் என்று பர்மிய மொழியில் கேட்டேன். மோட்டார் சைக்கிள் கடையில் சில்லறையாக வாங்கும் இன்ஜின் ஆயில்தான், மூன்று நாளைக்கு ஒரு தரம் என்று சொல்லிவிட்டு, இருக்கையின் அடியிலிருந்து ஒரு பழைய லுங்கித் துண்டை இழுத்துக் காட்டினார். ஒவ்வோர் இரவும் வண்டியைப் பூட்டுவதற்கு முன்னால் சங்கிலியைத் துடைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறாராம். துணி விறைத்துக் கறுத்திருந்தது; ஒரு மூலையில் மட்டும் அதன் பழைய பச்சைக் கட்டம் இன்னும் தெரிந்தது.